சாப்பாட்டு மேசைக் கிட்டார்

புரோத்ராபூர்,
ஜூன் 14

அன்புத் தம்பி வினோத்குமாருக்கு,

அக்கா வைஜெயந்தி எழுதுவது. இங்கே அம்மா, மச்சான், ஹரிணி, நான் எல்லோரும் சுகம். மழை எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. வந்ததிலிருந்து ஒரு நாள்கூட லீவு போடவில்லை. துவைத்த துணி காய்வதற்குள் அடுத்த துணி அழுக்காகிவிடுகிறது. நீ சென்னையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குவாய் என்று நம்புகிறேன். நம்பிக்கை என்று சொன்னது ஒரு மரியாதைக்குத்தான்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என்னிடம் பேசுவது மூன்று வார்த்தை. 'ம்', 'சரிக்கா', 'டவர் இல்லக்கா'. டவர் இல்லாதது அந்தமானிலா அம்பத்தூரிலா என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் நீ கிழிக்க மாட்டாய். பிஸ்கட் கவரைக்கூட மடித்து வைக்கிறவன் நீ.

முதலில் ஒரு நன்றி. போன மாதம் உன் அறைக்கு வந்த இரண்டு பார்சலையும் பத்திரமாகச் சேர்த்துவிட்டாய். நம் தீவுக்கு டெலிவரி இல்லை என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் நாம் மெயின்லாந்தில் இருக்கும் சொந்தக்காரர் தலையில் கட்டிவிடுவோமே, அந்தப் பாக்கியம் இப்போது உனக்கு. 'மச்சானுக்கு ஏதோ எலக்ட்ரிக்கல் சாமான்' என்று நான் சொன்னதை நம்பி, பிரித்துக்கூடப் பார்க்காமல், பஸ் ஏறித் துறைமுகம் வரைக்கும் தூக்கிப் போய், கப்பலில் ஊர் திரும்பிய முத்துவீரன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறாய். நான் பொய் சொல்லவில்லை. எலக்ட்ரிக்கல் சாமான்தான். சின்னப் பெட்டியில் இருந்தது கிட்டாரில் கம்பியின் சத்தத்தைப் பிடிக்க வைக்கும் இரண்டு பிக்கப். பெரிய பெட்டியில் கம்பியை முறுக்குகிற ஆறு சாவி, பிரிட்ஜ், ஃப்ரெட் கம்பி, கழுத்துக்குள் போகிற இரும்புத் தண்டு.

இப்போது கடிதத்தைக் கீழே வைத்திருப்பாய். எடு. இன்னும் இருக்கிறது.

மச்சான் உனக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில்தான். உன் மச்சான் குருநாதன் மின்துறையில் கம்பம் ஏறுவதில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தச்சு வேலை அவருக்கு ஆசை, அவ்வளவுதான். அவர் செய்த முக்காலியில் உட்கார்ந்தால் நாம் ஆடுவோம், நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி ஆடும். அப்படிப்பட்டவர் வீடியோ பார்த்துக் கிட்டார் செய்கிறேன் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த வீடியோவும் நம் ஊர் நெட்டில் சுற்றிச் சுற்றி நிற்கும். ஒரு ஆள் உளியை ஓங்கினால் மறுநாள்தான் இறக்குவான்.

மரம் எது என்று பேச்சு வந்தபோது நம் ஊர்ச் சிவப்புப் படாக்கைத் தவிர வேறு பேச்சுக்கே அவர் இடம் கொடுக்கவில்லை. அந்தமான்காரன் தன் மைத்துனனுக்கு ஒன்று செய்தால் அது படாக்காகத்தான் இருக்க வேண்டுமாம். மழைக்காலத்தில் வாங்கும் புது மரம் ஈரமாக இருக்கும், காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும் என்று வீடியோக்காரன் சொல்லியிருக்கிறான். மச்சான் வீட்டுக்குள் வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஃபேனுக்கு அடியில் வருடக்கணக்காகக் காய்ந்த படாக் ஒன்று கண்ணில் பட்டது. நான் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய சாப்பாட்டு மேசையின் நாலு காலும் சுவரோரம் சாய்ந்து நின்றன. மேல்பலகை இல்லை.

நான் கத்தியதை உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊர் பத்துபஸ்தி வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா மட்டும் நிதானமாக, 'தரையில உக்காந்து சாப்ட்டா ஜீரணம் ஆகும், விடு' என்று சொல்லிவிட்டு இலையைப் போட்டாள். அன்றிலிருந்து தரையில்தான். மேல்பலகையை இரண்டாக அறுத்து, இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, மேலே சிமெண்டு மூட்டை அடுக்கி, அது போதாதென்று உன் மருமகள் ஹரிணியையும் ஏற்றி உட்கார வைத்தார் மச்சான். அவள் அங்கேயே வாய்ப்பாடு படித்தாள்.

இனி எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். இது இடக்கைக்காரர் வாசிக்கிற கிட்டார். கழுத்தை வலது கை பிடிக்கும், இடது கை மீட்டும். பட்டறையில் படகை இழுக்கிற அந்த விஞ்சுக் கயிறு, நீ இதுவரை கழுத்தைப் பிடித்த இடது கையில் மூன்று விரலைக் கொண்டுபோய்விட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இருக்கின்றன. கம்பியை மீட்டுகிற பிக்கைப் பிடிக்க அந்த இரண்டும் போதும். மச்சான் தன் மூன்று விரலையும் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு, பிக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் கை வைத்தாராம்.

நீ உன் பழைய கிட்டாரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு மெயின்லாந்து போனபோது நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. உன் ஆம்ப் ஸ்பீக்கரை மட்டும் அம்மா கட்டிலுக்கு அடியில் சேலை போட்டு மூடி வைத்திருக்கிறாள். அதில் எலி போகிறதா என்று வாரம் ஒரு தடவை குனிந்து பார்க்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோடவுன் வேலையில் கனமான பெட்டியை ஒற்றைக் கையால் தூக்காதே. கடவுள் உனக்குத் துணை.

உன் அன்பு அக்கா,
வைஜெயந்தி


புரோத்ராபூர்,
ஆகஸ்ட் 9

பிரியமுள்ள வினோத்துக்கு,

'வேண்டாம்க்கா. மேசைக்கு சாரி. இதப் பத்தி இனிமே எழுதாத.' உன் வாட்ஸ்அப் வந்து சேர்ந்தது. எழுதாதே என்றால் நான் என்ன செய்வேன் என்று நீ பிறந்ததிலிருந்து உனக்குத் தெரியும். எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் கோயிலுக்குப் போகும்போது வலிப்பதில்லை. ஹரிணி ஹிந்தியில் நல்ல மார்க், தமிழில் சுமார். வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம் என்று கேட்டால் 'மம்மி, பேசறது அலக், எழுதறது அலக்' என்கிறாள், இரண்டும் வேறு வேறாம். உனக்கு வாங்கின கருவாடு டப்பாவில் காத்திருக்கிறது. முத்துவீரன் அண்ணன் அடுத்த கப்பலில் கொண்டுவருவார்.

போன ஞாயிறு நான் போன் செய்தபோது நீ சொன்னது எனக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 'இந்த வயசுல கை மாத்தி வாசிக்க முடியாதுக்கா. நாலு பேர் முன்னாடி சர்க்கஸ் காட்டச் சொல்றியா?' என்றாய். நான் பதில் சொல்வதற்குள் உனக்கு டவர் போய்விட்டது.

பதிலை இப்போது சொல்கிறேன். கை மாற்றுவதைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்காதே. நான் பிறவி இடக்கைக்காரி. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்ததால் உனக்குத் தெரியாது. இலையில் இடது கையை வைத்தால் அம்மா கரண்டிக் காம்பால் ஒன்று போடுவாள். விபூதியை இடது கையால் வாங்கப் போனபோது பூசாரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் இடது கையைப் பெஞ்சுக்குக் கீழே வைக்கச் சொன்னார். ஒரு வருடம் முழுக்க என் எழுத்து, ஈர மணலில் நண்டு ஓடினதுபோல் இருந்தது. அழுதுகொண்டே எழுதினேன். ஆனால் எழுதினேன். இந்தக் கடிதத்தை எழுதுகிற கை நான் பிறந்தபோது கொண்டுவந்த கை இல்லை, பழக்கின கை. கோபம் வந்து பாத்திரத்தை வீசும்போது மட்டும் இடது கை தானாக முன்னால் வந்துவிடும். சந்தேகம் இருந்தால் மச்சானைக் கேள்.

என்னை அடித்து மாற்றினார்கள். அது தப்பு என்று இப்போது அம்மாவே சொல்கிறாள். உன்னை அப்படி யாரும் செய்யப் போவதில்லை. முடியாது என்று நீ சொன்னதற்கு மட்டும்தான் இந்தப் பதில். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

சரி, கிட்டார் செய்தி. ஒட்டின பலகையில் மச்சான் உருவம் வரைந்தார். ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோவில், துர்கா பூஜை மேடையில் நீ கண்ணை மூடி வாசிக்கிறாயே, அந்தக் கிட்டாரைப் பார்த்துத்தான். அதைத் தாளில் பிரதி எடுத்து, தாளைத் திருப்பிப் போட்டால் இடக்கைக்காரர் கிட்டார். வாள் போட்டு அறுத்து, மூலையெல்லாம் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தொட்டுத் துடைத்தபோது அந்தச் சிவப்பு இருக்கிறதே, நானும் ஒரு நிமிடம் மேசையை மறந்துவிட்டேன். அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்புறம் மச்சான் அதில் ஒரு பெல்ட்டை மாட்டித் தோளில் போட்டுப் பார்த்தார். போட்ட பக்கமாகவே சாய்ந்துவிட்டார்.

ஜெயமணி அண்ணன் கடைக்குக் கொண்டுபோய்ப் பாக்கு நிறுக்கிற தராசில் வைத்தார்கள். சின்ன கேஸ் சிலிண்டர் அளவுக்குக் கனம். அதில் இன்னும் கழுத்து இல்லை, கம்பி இல்லை. கூடப் போயிருந்த விஜயராஜ், அதுதான் உன் பேண்டில் உன் பக்கத்தில் நின்று வாசித்தவன், 'பாய், இத மாட்டிக்கிட்டு பஜானா முஷ்கில் ஹை, நேரா ஆஸ்பத்திரிதான்', வாசிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டான். உலகத்தில் யாரும் முழுக் கிட்டாரையும் இத்தனை கனமான மரத்தில் செய்வதில்லை என்று அதற்கப்புறம்தான் மச்சான் வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்துத் தெரிந்துகொண்டார். நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. கட்டில் படாக், கதவு படாக், சாமி மாடம் படாக். ஒருவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் நமக்கு வேறு மரம் தோன்றுவதில்லை. உன் தோளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

மச்சான் இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நானும் கிண்டல் செய்யவில்லை. என்னால் முடிந்த வரைக்கும் செய்யவில்லை. மூன்றாம் நாள் போய், பின்பக்கத்திலிருந்து உள்ளே குழி குழியாகக் குடையத் தொடங்கினார். குடைந்த பள்ளங்களை மெல்லிய மூடிப் பலகை போட்டு மூடிவிடலாமாம், முன்பக்கம் பார்த்தால் தெரியாதாம். குடைந்த தூள் எல்லாம் ரத்தச் சிவப்பு. வீட்டில் எங்கு பார்த்தாலும் சிவப்பு. ஹரிணியின் வெள்ளை யூனிஃபார்ம், என் தலையணை, சாம்பார், எதுவும் தப்பவில்லை. மச்சான் தும்மினால் கைக்குட்டை சிவப்பாகிறது, ஆபீஸில் பயந்துபோய் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். இப்போது கனம் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. நான் மாட்டிப் பார்த்தேன், தாங்குகிறது.

இன்னொன்று. விஜயராஜ் தன் கிட்டாரில் கம்பிகளைத் தலைகீழாக மாற்றிப் போட்டுக்கொண்டான். டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டி முடித்துச் சாயங்காலம் நேராக நம் கொட்டகைக்கு வந்து, இடக்கைக்காரனைப் போலப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறான். கேட்கச் சகிக்கவில்லை. பக்கத்து வீட்டு மண்டல் பாபி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, 'வைஜு, பில்லி பீமார் ஹை க்யா?' என்று கேட்டாள், எங்கள் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றே நினைத்துவிட்டாள். இரண்டாம் வாரம் அவன் கிட்டாரைப் பையில் போட்டு, 'நஹி ஹோகா தீதி', தன்னால் முடியாது என்று போய்விட்டான். மறுநாள் சாயங்காலம் திரும்பவும் வந்தான். இப்போது கார்டு என்று அவன் சொல்கிற கம்பிப் பிடியில் மூன்று வருகிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் நான் ஒரு தோசை வார்த்துவிடலாம்.

எதற்கடா உனக்கு இந்த வேலை என்று கேட்டேன். 'வினோத் தனியா அசிங்கப்பட வேணாம்க்கா. நானும் கூட சேந்து அசிங்கப்படறேன்' என்றான். நான் உள்ளே போய் அவனுக்கு டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், அவனும் சொல்லாமல் குடித்துவிட்டான்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் ஒரு நாள் நீயாகப் போன் செய். அவள் நல்லவிதமாக இருக்கிறாள், இருந்தாலும் செய். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
வைஜெயந்தி அக்கா


புரோத்ராபூர்,
செப்டம்பர் 21

என் கண்ணான தம்பிக்கு,

நீ அம்மாவுக்குச் செய்த போன் எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை. 'சரிம்மா, அனுப்பி வைங்க, பாக்கறேன்' என்று நீ சொன்னதை அம்மா நாலு பேரிடம் நாலு விதமாகச் சொல்லிவிட்டாள். கடைசியாக மண்டல் பாபியிடம் சொன்னபோது நீ டிசம்பரில் கச்சேரியே வைக்கப் போகிறாய். பாயசம் வைத்தாள். விஜயராஜ் இரண்டு டம்ளர் குடித்தான்.

கிட்டார் பேசிவிட்டது வினோத். போன சனிக்கிழமை கம்பி போட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து உன் ஆம்ப்பை எடுத்துத் துடைத்து வைத்தோம். எலி போகவில்லை, அம்மா ஜெயித்தாள். மச்சான் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து பிளக்கைச் செருகினார். 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் நிற்பதுபோல். கம்பியில் கை வைத்தால் இரைச்சல் குறைகிறது, எடுத்தால் ஏறுகிறது. விஜயராஜ்தான் கண்டுபிடித்தான். பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் கம்பியை மச்சான் கொடுக்கவே இல்லை. புரோத்ராபூரில் வீடு வீடாகப் போய் 'எர்த் போட்டிருக்கீங்களா' என்று மிரட்டுகிறவர் தன் கையால் செய்ததற்கு எர்த் போட மறந்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் அவர் ஸ்குரூ டிரைவரைத் தேடும் சாக்கில் உள்ளே போய்விட்டார்.

அதைச் சரி செய்த பிறகு விஜயராஜ் அதை மாட்டிக்கொண்டு, இடது கையால் மேலிருந்து கீழே ஒரே ஒரு முறை இழுத்தான். எனக்குச் சங்கீதம் தெரியாது. அது நின்றுகொண்டே இருந்தது, சீக்கிரம் அடங்கவில்லை. கனமான மரத்துக்கு அந்த ஒரு நன்மை உண்டு என்று மச்சான் சொன்னார், மரியாதைக்குத் தலையாட்டினேன். அம்மா சமையலறையிலிருந்து, 'வினோத்தா?' என்று கேட்டாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் வந்தால் நீதான் என்று அவள் காது பழகியிருக்கிறது. அவளுக்கே புரிந்து குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

இப்போது இதை உனக்கு அனுப்ப வேண்டும். படாக்கில் செய்த சாமானைத் தீவை விட்டு வெளியே கொண்டுபோக வனத்துறைச் சீட்டு வேண்டுமே, அதற்கு மச்சான் மேசை வாங்கின பழைய ரசீதைத் தேடி எடுத்து அலைந்தார். மேசைதான் கிட்டார் ஆனது என்று அங்கே இருந்தவருக்குப் புரிய வைக்கச் சுவரோரம் நின்ற நாலு காலையும் போட்டோ எடுத்துக் காட்டினாராம். அந்த ஆள் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய மெத்தையை வெட்டிப் பெட்டிக்குள் வைத்து எல்லாம் தயார். முத்துவீரன் அண்ணன் அடுத்த கப்பலில் கொண்டுவர ஒத்துக்கொண்டார்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. மேசையின் நீளச் சட்டத்தில் செய்த கழுத்து முன்பக்கம் ஃப்ரெட் கம்பி அடித்து முடிந்துவிட்டது. பின்பக்கம் இன்னும் தடியாக, சதுரமாக, சட்டமாகவே இருக்கிறது. அதை வாசிக்கிறவன் கைக்குள் அடங்குகிற மாதிரி இழைக்க வேண்டும். கொஞ்சம் இழைத்து, பிடிக்கச் சொல்லி, எங்கே இடிக்கிறது என்று கேட்டு, திரும்ப இழைத்து, அப்படித்தான் செய்ய வேண்டுமாம். கூடுதலாக இழைத்துவிட்டால் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால்தான் மச்சான் உன்னிடம் வலது கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொன்னார். நீயும் சரி என்றாய்.

இந்த இடத்தில்தான் எனக்கும் மச்சானுக்கும் சண்டை. கிட்டாரை அனுப்பக் கூடாது, அவனே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன்.

கோபப்படாதே, சொல்வதைக் கேள். நீ 'அனுப்பி வைங்க' என்று சொன்ன குரலை நானும் ஸ்பீக்கரில் கேட்டேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பிடிக்காத சட்டையைத் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தால் நீ 'நல்லா இருக்குக்கா' என்பாயே, அதே குரல். எங்கள் மனசு நோகக் கூடாதென்று வாங்கி வைத்துக்கொள்வாய். அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புவாய். அப்புறம் அம்பத்தூர் அறையில் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸுக்குப் பக்கத்தில் அது படுத்துக்கொள்ளும். நாங்கள் கேட்டால் 'டைம் இல்லக்கா' என்பாய். இங்கே இத்தனை பேர் தும்மித் தும்மிச் செய்தது அதற்கா?

மச்சானுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. 'கேட்டவனுக்குக் குடுத்துடணும் வைஜு. வந்தாத்தான் தருவேன்னா அது எப்படி அவனுக்குக் குடுத்ததா ஆகும்?' என்றார். அவன் வாசித்தாலும் சரி, சட்டை மாட்ட வைத்துக்கொண்டாலும் சரி, அது அவன் சாமான் என்றார். நான் எதையோ வீசினேன், எந்தக் கையால் என்று உனக்கே தெரியும். அன்றைக்குத் தரையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஹரிணி நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் ரசம் ஊற்றினாள்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் நியாயம். ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவரிடம் இதைச் சொல்லிவிடாதே. உன்னை வரவழைக்க நான் உன் சாமானைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் ஒரு நல்ல தாளாக எடுத்து வலது கையை வரைந்து அனுப்பு. மச்சான் அதைப் பார்த்தே இழைத்துவிடுவார், கிட்டார் உன் அறைக்கு வந்து சேரும். நான் மறித்து நிற்க மாட்டேன். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டேன். கேட்காமல் இருக்க முயற்சி செய்வேன்.

ஆனால் ஒன்று சொல்லியே தீர வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டுப் பிரித்த அன்றைக்கு எங்களை வெளியே நிற்கச் சொன்னாய். அதற்கப்புறம் வீட்டில் இருந்த நாளெல்லாம் அந்தக் கை உன் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. சாப்பிடும்போது மடியில், தூங்கும்போது போர்வைக்குள். துறைமுகத்தில் கப்பல் ஏறின அன்றைக்கும் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை, வலது கையில் பெட்டி இருந்ததால் எங்களுக்குக் கை காட்டாமலே ஏறிப் போனாய். வீடியோ காலில் உன் இடது தோள் வரைக்கும்தான் தெரிகிறது. அம்மா போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள், சாய்த்தால் தெரியும் என்று நினைக்கிறாள். நான் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

உன் கையைப் பார்த்தால் நாங்கள் அழுவோம் என்று நினைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய். அழுவோம்தான். அம்மா ஒரு வேளை அழுவாள், நான் ஒரு நாள் அழுவேன், மச்சான் கொட்டகைக்குப் போய்விட்டு வருவார். அது முடிந்ததும் உனக்குச் சாப்பாடு போடுவோம். அவ்வளவுதான் நடக்கும். அதற்காகப் போய் ஒரு கடல் தூரம் தள்ளி இருக்கிறாயே.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தொட்டிலிலிருந்து தூக்கினால் என் விரலைத்தான் முதலில் பிடிப்பாய். எந்தக் கையால் பிடித்தாய் என்று யாரும் பார்க்கவில்லை.

கிட்டாரை நீ வாசிக்க வேண்டாம். வாசிக்கப் பிடிக்காவிட்டால் சுவரில் மாட்டுவோம், அதுவும் பிடிக்காவிட்டால் மச்சான் அதைத் திரும்ப மேசையாக்கட்டும், அவருக்கும் பொழுது போகும். விஜயராஜ் அவன் மூன்று கார்டை யாருக்காவது வாசித்துக் காட்டிக்கொள்வான். நீ வா. பூஜைக்கு முடியாவிட்டால் பொங்கலுக்கு வா, எப்போது டிக்கெட் கிடைக்கிறதோ அப்போது வா. நீ இருக்கிற இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் இரு, நான் கும்பிடுகிற முருகன் உன்னைக் காப்பான். ஆனால் வா.

வரும்போது பாக்கெட்டில் கையை வைத்துக்கொண்டு இறங்காதே. துறைமுகத்தில் உன் பெட்டியை மச்சான் வாங்கிக்கொள்வார். இடது கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அக்கா வைஜெயந்தி